பக்கத்து அறையில் சர்ஜன்

போன தை மாதம் சித்தப்பாவை ஆஞ்சியோகிராமுக்காக அட்மிட் செய்திருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நர்ஸ் ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலு பக்கம். "படிச்சுட்டு கையெழுத்து போட்டுடுங்க சார்." கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள், யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே. நமக்கு எதையாவது கையில் கொடுத்தால் படித்துவிடுகிற வியாதி. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: சிகிச்சையின்போது சிக்கல் ஏற்பட்டால் அவசர பைபாஸ் அறுவை செய்ய வேண்டி வரலாம், அதற்கும் சம்மதிக்கிறேன்.

"என்னப்பா போட்டிருக்கு அதுல?" என்று சித்தி கேட்டார்.

"எல்லாருக்கும் போடறதுதான் சித்தி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போட்டேனே ஒழிய, மணிக்கட்டில் ஒரு ஊசித் துளை என்றுதானே டாக்டர் சொன்னார், நெஞ்சைப் பிளப்பது எங்கிருந்து வந்தது என்று அன்று இரவு பூரா ஓடிக்கொண்டிருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆரம்பித்து இரண்டு மாதம் படித்ததன் குறிப்புகள் இவை. அந்த ஒரு வரிக்கு நாற்பத்தெட்டு வருஷத்து வரலாறு இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு முன்கதையும் உண்டு.

முன்கதை 1929இல், பெர்லினுக்குப் பக்கத்தில் எபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில். வெர்னர் ஃபோர்ஸ்மான் அப்போது பயிற்சி மருத்துவர், இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். இதயம் நின்றுபோகிற நிலையில் இருக்கும் நோயாளிக்கு, அந்தக் காலத்தில் நெஞ்சுச் சுவர் வழியாக நேராக ஊசியைக் குத்தி மருந்து ஏற்றுவார்கள். ஊசி தமனியைக் கிழிக்கலாம், இதயத்தைச் சுற்றியிருக்கும் பையில் ரத்தம் கட்டலாம். கையில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாகவே இதயத்துக்குப் போய்விட்டால் இந்த ஆபத்து இல்லையே என்பது அவர் யோசனை. தலைமை டாக்டர் அனுமதி கொடுக்கவில்லை. கருவி அலமாரியின் சாவி கெர்டா டிட்சன் என்ற நர்ஸிடம் இருந்தது. அவர் "என் மேல் செய்து பாருங்கள்" என்று ஒப்புக்கொண்டார். ஃபோர்ஸ்மான் அவரை மேஜையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, சத்தமில்லாமல் தன் இடது கையை அறுத்து, சிறுநீரகத்துக்குப் பயன்படுத்தும் குழாயை 65 செ.மீ. உள்ளே தள்ளிக்கொண்டார். பிறகு நர்ஸை அவிழ்த்துவிட்டு, கையில் குழாய் தொங்க எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். குழாயின் நுனி இதயத்தின் வலது மேலறையில் இருப்பது படத்தில் விழுந்தது.

இந்தக் கதையை ஒரு சாகசமாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குப் படுவது வேறு. அவர் புதிதாக எதையும் சாதிக்கக் கிளம்பவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு சிகிச்சையின் சிக்கலைத் தவிர்க்கப் பார்த்தார், அவ்வளவுதான். இந்தத் துறை முழுக்க இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. பெர்லினின் பெரிய பேராசிரியர்கள் அவரை மதிக்கவில்லை. அவர் சிறுநீரக மருத்துவராக ஒதுங்கிப் போனார். 1956இல் அமெரிக்காவின் கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு அவருக்கு வந்தது. (நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீரக் கதைகளில் அதை விட்டுவிடுகிறார்கள்.)

ஃபோர்ஸ்மான் தொட்டது இதயத்தின் அறையை. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் மெல்லிய தமனிகள், கரோனரி தமனிகள் என்கிறோமே, அவற்றுக்குள் யாரும் போகத் துணியவில்லை. அவற்றுக்குள் நேரடியாக டை செலுத்தினால் ஆள் பிழைக்க மாட்டார் என்றுதான் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஓர் இளைஞருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெருந்தமனியில்தான் டை செலுத்துவதாகத் திட்டம். மெஷின் டையைத் தள்ளும் நேரத்தில் குழாயின் நுனி நழுவி வலது கரோனரி தமனிக்குள் போய்விட்டது. சுமார் 30 மி.லி. டை அப்படியே உள்ளே இறங்கியது. இன்றைக்கு ஒரு படத்துக்குச் சில மி.லி.தான் செலுத்துகிறார்கள். இதயம் நின்றுவிட்டது.

நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தி உயிர்ப்பிக்கும் முறை அப்போது நடைமுறைக்கு வரவில்லை, அதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நெஞ்சைத் திறந்து கையால் பிசைவதுதான் வழி என்று சோன்ஸ் கத்தியைத் தேடி ஓடினார். ஓடும்போதே அவருக்கு ஒன்று தோன்றியது. இதயம் துடிதுடிக்கவில்லை, வெறுமனே நின்றிருக்கிறது. ஆளுக்கு இன்னும் நினைவு இருக்கிறது. "இருமு! இருமு!" என்று கத்தினார். அந்த இளைஞர் இருமினார். இருமலின் அழுத்தத்தில் டை வெளியே தள்ளப்பட்டு, இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால், இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று கும்பிடு போட்டிருப்பார். சோன்ஸ் அதைத் தலைகீழாகப் படித்தார். 30 மி.லி. போயே பிழைக்க முடியும் என்றால், கொஞ்சமாக, வேண்டுமென்றே செலுத்தினால்? இன்று தமிழ்நாட்டில் தாலுகா அளவு ஊர்க்காரர்கள்கூட "ஆஞ்சியோ எடுத்தாச்சா?" என்று சர்வசாதாரணமாகக் கேட்கிறோம். அது ஒரு கைத்தவறிலிருந்து பிறந்தது.

படம் எடுப்பது ஒரு விஷயம். அடைப்பை நீக்குவது வேறு. அதை முதலில் காலில்தான் செய்து பார்த்தார்கள். போர்ட்லண்டின் சார்லஸ் டாட்டர் ஒரு ரேடியாலஜிஸ்ட், அதாவது படம் எடுத்துக் கொடுக்க வேண்டியவர். 1964 ஜனவரியில், காலை வெட்ட மறுத்துவிட்ட 82 வயது அம்மாள் ஒருவரின் தொடைத் தமனி அடைப்பைக் குழாய்களாலேயே விரித்துவிட்டார். அந்த அம்மாள் கடைசிவரை தன் காலில்தான் நடந்தார். அமெரிக்க சர்ஜன்கள் டாட்டரைக் கிறுக்கர் என்றார்கள். ஐரோப்பாவில் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர்தான் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். டாட்டரின் குழாயை விட்டுவிட்டு பலூனைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டுச் சமையலறை மேஜையில், மனைவியும் உதவியாளர் மரியா ஷ்லும்ஃபும் அவர் கணவரும் கூட உட்கார்ந்திருக்க, ராத்திரிகளில் பிளாஸ்டிக் குழாயை வெட்டி, ஒட்டி, ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறிப்பிட்ட அகலத்துக்கு மேல் ஊதாத பலூன் வேண்டும், இல்லாவிட்டால் தமனி வெடித்துவிடும். பிரச்சினையே அதுதான்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில், முப்பத்தெட்டு வயது இன்ஷூரன்ஸ்காரர் ஒருவரின் இடது முன் தமனியில் முதல் பலூன் ஊதப்பட்டது. அவருக்கு பைபாஸ் செய்வதாகத்தான் பேச்சு. என் ஃபாரத்தில் இருந்த வரி பிறந்தது இந்த அறையில்தான். க்ரூன்ட்சிக் தனியாக இல்லை. இதய சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், எல்லாரும் உள்ளே நின்றிருந்தார்கள். அறுவை அரங்கு காலியாக வைக்கப்பட்டிருந்தது. பலூன் ஊதும்போது தமனி முழுக்க அடைபடும். சுருக்கிய பிறகும் திறக்காவிட்டால் நேரே மேஜைக்கு, நெஞ்சைத் திறக்க வேண்டியதுதான். இரண்டு தடவை ஊதினார். எதுவும் நடக்கவில்லை, அடைப்பு விலகியதைத் தவிர.

இதில் எனக்குப் பிடித்த மனிதர் ஓக்கே சென்னிங். சூரிச்சின் அறுவைத் துறைத் தலைவர். 1958இல் ஸ்டாக்ஹோமில், முதன்முதலாக உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரைப் பொருத்தியவரும் அவர்தான். இந்தப் பலூன் வெற்றி பெற்றால் தன் துறையின் வேலையைத்தான் பறிக்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் அரங்கைக் காலியாக வைத்து, ஆட்களை நிறுத்திக் கொடுத்தார். அவர் "முடியாது" என்றிருந்தால் க்ரூன்ட்சிக்கால் ஊதியிருக்கவே முடியாது.

அந்தக் காத்திருப்பு சும்மா சடங்கு இல்லை. 1979இல் க்ரூன்ட்சிக் தன் முதல் 50 பேரின் கணக்கை வெளியிட்டார். 32 பேரிடம் வெற்றி. ஐந்து பேரை அவசர பைபாஸுக்குத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. பத்தில் ஒருவர்! அவர்களில் மூன்று பேருக்கு ஈசிஜியில் மாரடைப்பின் தடம் விழுந்தது. இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார். பைபாஸ் தேவைப்படுவோரில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான் இந்த முறை சரிப்படும் என்றும் அவரே எழுதினார். சொந்தக் கண்டுபிடிப்பை இப்படிக் குறைத்துப் பேசுகிறவர்களை நான் அதிகம் படித்ததில்லை. சூரிச்சில் மற்ற டாக்டர்களைக் கூட்டி, நேரடி ஒளிபரப்பில் பலூன் போட்டுக் காட்டினார். தப்பு நடந்தால் அதையும் எல்லாரும் பார்ப்பார்கள் என்று தெரிந்தேதான்.

ஏன் மூடிக்கொள்கிறது? பலூன் கொழுப்பை நசுக்கி ஓரங்கட்டிவிடுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள், காலடியில் பனி அமுங்குகிற மாதிரி. உண்மையில் பலூன் அடைப்பை விரிசல்விட வைக்கிறது, தமனியின் உட்சுவரைக் கிழிக்கிறது. பெரும்பாலும் அந்தக் கிழிசல் தானே ஆறிவிடும். சில சமயம் கிழிந்த தோல் மடங்கி, கதவு சாத்திக்கொள்கிற மாதிரி வழியை மூடிவிடும். அதன் மேல் ரத்தம் உறையும். அதற்கப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் ஆரம்ப வருஷங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவேட்டில் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு ஆறேழு பேருக்கு அவசர பைபாஸ் தேவைப்பட்டிருந்தது. அதனால்தான் எண்பதுகளில் பலூன் போடும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்து அறையில் சர்ஜன் காத்திருந்தார்.

1980இல் க்ரூன்ட்சிக் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1985 அக்டோபரில் தன் விமானத்தைத் தானே ஓட்டிப்போய் விபத்தில் இறந்தார். 46 வயது. மனைவியும் உடன் இறந்தார். சென்னையில் எண்பதுகளின் நடுவில் ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கிவைத்த டாக்டர் மேத்யூ சாமுவேல் கலரிக்கல் அட்லாண்டாவில் அவரிடம் கற்றவர். சூரிச் சமையலறைக்கும் சென்னைக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது.

மூடிக்கொள்ளும் கதவுக்கு ஒரு முட்டு கொடுத்தால் என்ன? ஸ்டென்ட் என்பது அந்த முட்டுதான். 1986 மார்ச்சில் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் ப்யூல் முதல் ஸ்டென்ட்டை வைத்தார். சில வாரங்களில் சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிச் சிக்வார்ட் வைக்க ஆரம்பித்தார். சிக்வார்ட் குழு 1987இல் எழுதிய கட்டுரையில் 19 நோயாளிகளுக்கு 24 கரோனரி ஸ்டென்ட்கள். அவற்றில் நாலு, பலூன் போட்டதும் திடீரென்று மூடிக்கொண்ட தமனிகளுக்கு. 1993இல் அமெரிக்க அரசு முதன்முதலாக அனுமதித்த கரோனரி ஸ்டென்ட்டும் இந்த வேலைக்குத்தான். இன்று ஸ்டென்ட்டைத்தான் சிகிச்சை என்கிறோம். அது உள்ளே வந்ததே இன்னொரு சிகிச்சை கெட்டுப்போனால் காப்பாற்றுகிற ஸ்டெப்னியாக!

இரும்பை ரத்தத்துக்குள் வைத்தால் ரத்தம் சும்மா இருக்குமா? 1991இல் ஐரோப்பிய டாக்டர்கள் கூட்டாக ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: ஸ்டென்ட் வைத்த 105 பேரில் 25 பேருக்கு அது முழுக்க அடைத்துவிட்டது, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். கிட்டத்தட்ட நாலில் ஒருவர். படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின், வார்ஃபரின், ஆஸ்பிரின் என்று கொட்டினார்கள். உறைவது குறைந்தது, கசிவது கூடியது. தொடையில் குழாய் போட்ட இடத்தில் ரத்தம் கட்டி வீங்கும். 1994இல் வந்த பெனெஸ்டென்ட் ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்களில் 13.5 சதவீதம் பேருக்கு இப்படி ரத்தக்கசிவோ ரத்தக் குழாய்ச் சிக்கலோ வந்தது. வெறும் பலூன் போட்டவர்களில் 3.1 சதவீதம்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்கள் சராசரி 8.5. ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று.

இதை அவிழ்த்தது மிலானின் அன்டோனியோ கொலம்போ. ஊசி முனை அளவு அல்ட்ராசவுண்ட் கருவியைத் தமனிக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். எக்ஸ்ரேயில் கச்சிதமாக உட்கார்ந்த மாதிரி தெரிந்த ஸ்டென்ட்கள் உண்மையில் சரியாக விரியவே இல்லை! சுவருக்கும் கம்பிக்கும் நடுவே சந்து இருந்தது, அங்கேதான் ரத்தம் உறைந்தது. இன்னும் அதிக அழுத்தத்தில் பலூனை ஊதி ஸ்டென்ட்டைச் சுவரோடு பதித்தார், வார்ஃபரினை நிறுத்தினார். மார்சேயில் பிரெஞ்சு டாக்டர்கள் டிக்லோபிடின் என்ற மாத்திரையை முயன்றுகொண்டிருந்தார்கள். 1996இல் மியூனிக்கில் 517 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பழைய முறையில் 5.4 சதவீதம் ஸ்டென்ட்கள் அடைத்துக்கொண்டன, ஆஸ்பிரினும் டிக்லோபிடினும் சேர்த்துக் கொடுத்தபோது 0.8. இரண்டு மாத்திரை. டிக்லோபிடின் சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்தது, அதனால் பிறகு குளோபிடோக்ரெல் அந்த இடத்துக்கு வந்தது. சித்தப்பாவின் மருந்துப் பெட்டியில் இருப்பதும் அதுதான்.

தொடைக் கசிவுக்கான பதில் மணிக்கட்டு. 1989இல் மான்ட்ரியாலில் லூசியன் காம்போ அந்த வழியாகப் படம் எடுத்துக் காட்டினார். 1992இல் ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினான்ட் கீமெனைய் அதே வழியில் சிகிச்சையே செய்தார். கையில் ரத்தம் கசிந்தால் விரலால் அழுத்தினால் போதும், தொடைக்குள் கசிந்தால் வெளியே தெரியவே தெரியாது. இவ்வளவு எளிய காரணம், ஆனால் உலகம் பூரா மாறுவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. பழகின கையை மாற்றிக்கொள்ள டாக்டர்களுக்கும் மனசு வராதுபோல.

சிக்கல்கள் ஒழிந்துவிடவில்லை. கம்பி நுனி தமனியைத் துளைத்துவிடலாம். அப்போது பதற்றப்படாமல் அதே இடத்தில் பலூனை ஊதி ஓட்டையை அடைக்கிறார்கள், தேவைப்பட்டால் துணி போர்த்திய மாதிரி மூடிய ஸ்டென்ட்டை வைக்கிறார்கள். இதயப் பையில் ரத்தம் சேர்ந்தால் ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். ஃபோர்ஸ்மான் பயந்த அதே பை, அதே ரத்தம். ஊசி மட்டும் இப்போது அதை எடுக்கப் போகிறது. அவசர பைபாஸ் இன்று நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே. 2012இல் அமெரிக்காவில் 18,867 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரி, இல்லாத ஆஸ்பத்திரி, இரண்டிலும் அவசரமில்லாத ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர்களில் ஆறு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்கு ஒருவர். பக்கத்து அறை கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. ஃபாரத்தில் அந்த வரி மட்டும் நிற்கிறது.

சித்தப்பாவுக்கு ஒரு ஸ்டென்ட், மருந்து பூசியது. முக்கால் மணி நேரத்தில் மணிக்கட்டில் பட்டையோடு வெளியே வந்து காபி கேட்டார். மருந்து பூசிய ஸ்டென்ட்டை 1999இல் முதலில் மனிதரிடம் பிரேசிலின் சாவோ பாலோவில் வைத்தார்கள். தழும்பு வளர்ந்து தமனி மறுபடி சுருங்குவதை அந்த மருந்து தடுத்தது. அதே மருந்து கம்பியின் மேல் தமனியின் தோல் வளர்வதையும் தாமதப்படுத்தியது. அதனால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷம் கழித்தும் ஸ்டென்ட் அடைபடலாம் என்று 2006 வாக்கில் பெரிய சர்ச்சையே நடந்தது. ஸ்டென்ட்கள் அதற்கப்புறம் நிறைய மாறிவிட்டன. ஆனாலும் இரண்டு மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்பது மாறவில்லை.

சூரிச்சின் அந்த முதல் நோயாளிக்குப் பத்து வருஷம் கழித்துப் படம் எடுத்தார்கள், இருபத்துமூன்று வருஷம் கழித்தும் எடுத்தார்கள். பலூன் ஊதிய இடம் திறந்தே இருந்தது. ஊதியவர் இரண்டு படத்தையும் பார்க்கவில்லை.

போன வாரம் சித்தப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர் "ரத்த மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க, புடுங்கிடலாம்" என்றிருக்கிறார். நல்லவேளை, சித்தி எனக்கு போன் பண்ணினார். "எதையும் நிறுத்தாதீங்க சித்தி, முதல்ல ஹார்ட் டாக்டரைக் கேளுங்க" என்றேன். அவரைக் கேட்டதற்கு, மாத்திரையை நிறுத்தாமலே பல்லை எடுக்கலாம், கொஞ்ச நேரம் கூடுதலாகப் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாராம். சித்தப்பாவுக்கு எடுக்கவே பயம் வந்துவிட்டது. இப்போதைக்கு இடது பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார்.